கோட்டை வீதிச் சேமக்காலையில் ஒரு அட்மிரல்

திருமலையில், அதாவது திருகோணமலையில், கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் பிரட்றிக் கோட்டை வாசலுக்குள்ளால்தான் போகவேண்டும். அந்த வாசலுக்குப் போகும் வழியில், மைதானத்துப் பக்கமாக, ஒரு பழைய ஆங்கிலேயர் சேமக்காலை, அதாவது கல்லறைத் தோட்டம், இருக்கிறது. ஸ்தேவான் சேமக்காலை என்பார்கள். மதிலுக்கு வெளியே கச்சான் கடலை விற்பார்கள், கோட்டைப் புள்ளிமான்கள் றோட்டோரம் நின்று யாராவது வாழைப்பழம் தருவார்களா என்று பார்க்கும், உள்ளே பற்றையும் காய்ந்த சருகும்தான். நான் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன். பள்ளிக்கூடக் காலத்தில் பந்து மதிலைத் தாண்டி விழுந்தால் ஏறிக் குதித்து எடுத்து வந்ததைத் தவிர அந்த இடத்தை நின்று பார்த்ததே கிடையாது.

போன வருடம் அக்காவின் மகன் விடுமுறைக்கு வந்திருந்தான். அவனைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு கல்லறையைக் காட்டினேன். கல்லில் பாசி பிடித்திருந்தது, எழுத்தை விரலால் தடவித் தடவித்தான் படிக்க வேண்டியிருந்தது. ரியர் அட்மிரல் சார்ள்ஸ் ஜோன் ஒஸ்ரின். பர்மாவில் புரோம் நகரத்துக்குப் பக்கத்தில் 1852 ஒக்டோபர் 7ஆம் திகதி காலமானார், வயது 73. அவன் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "மாமா, பர்மாவில செத்தவரை ஏன் இங்க கொண்டுவந்து தாட்டவங்க?"

நல்ல கேள்வி. அதற்குச் சரியான பதில் சொல்ல வேண்டுமென்றால் இந்த மனிதருடைய 61 வருடக் கடற்படை வாழ்க்கையையும், அந்தக் காலத்து பிரிட்டிஷ் கடற்படையில் பதவி உயர்வு எப்படி வந்தது என்பதையும், நம்முடைய துறைமுகம் ஏன் அவ்வளவு பெரிய இடமாக இருந்தது என்பதையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும். அன்றைக்கு வெயிலில் நின்று அவனுக்கு அரைகுறையாகத்தான் சொன்னேன். இங்கே முழுதாக எழுதுகிறேன்.

முதலில் எல்லோரும் சொல்லும் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இவர் நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினுடைய தம்பி. ஜேனுடைய ஒரு நாவலைத் தழுவி 2000ஆம் ஆண்டில் தமிழில் ஒரு படமே வந்தது, நாம் எல்லோரும் பார்த்து ரசித்த படம், ஆகவே அவர் நமக்கு அவ்வளவு அந்நியரும் இல்லை. வெளிநாட்டுக்காரர்கள் இந்தக் கல்லறையைத் தேடி வருவதும் அக்காவின் பெயருக்காகத்தான். ஆனால் அந்தக் கல்லில் அக்காவின் பெயர் இல்லை. சார்ள்ஸ் இறந்த நாளில் அவரை அட்மிரலாகத்தான் தெரியும், ஜேனின் தம்பியாக இல்லை. எனக்கு அதுதான் சரி என்று படுகிறது. இந்த மனிதருடைய வாழ்க்கை தனியாகவே நின்று கதை சொல்லக்கூடியது.

சார்ள்ஸ் 1779 ஜூன் 23ஆம் திகதி இங்கிலாந்தில் ஸ்ரீவென்ரன் என்ற கிராமத்தில் பிறந்தார். அப்பா அந்தக் கிராமத்துப் பாதிரியார். எட்டுப் பிள்ளைகளில் இவர் கடைக்குட்டி, ஜேன் இவருக்கு நேர் மூத்தவர். சொத்து பெரிதாக இல்லாத பாதிரியார் வீட்டில் ஆறு ஆண்பிள்ளைகள் என்றால் எல்லோருக்கும் எப்படி வழி பண்ணுவது? ஒருவன் அப்பாவைப் போலப் பாதிரியாராவான், ஒருவனைப் பணக்கார உறவுக்காரர்கள் தத்தெடுத்தார்கள், இரண்டு பேரைக் கடற்படைக்கு அனுப்பினார்கள். மூத்தவன் பிரான்சிஸ் முதலில் போனான், பின்னால் சார்ள்ஸ். 1791இல் போர்ட்ஸ்மத் கடற்படைக் கல்லூரியில் சேர்ந்தபோது அவருக்கு 12 வயது. நம்முடைய பிள்ளைகள் ஆறாம் ஏழாம் வகுப்புப் படிக்கும் வயது.

அந்தக் கடற்படையில் முன்னுக்கு வர இரண்டு வேறு வேறு விதிகள் இருந்தன. இதைப் புரிந்துகொண்டால்தான் மற்றதெல்லாம் புரியும். கப்டன் பதவி வரைக்கும் ஆள் வேண்டும். அதாவது பெரிய இடத்தில் தெரிந்தவர், உங்கள் பெயரைச் சொல்லக்கூடிய ஒருவர். கப்டனான பிறகு யாரும் தேவையில்லை, உயிரோடு இருந்தால் போதும். கப்டன்மாருக்கு ஒரே ஒரு பட்டியல், பதவி கிடைத்த திகதிப்படி வரிசை, மேலே இருப்பவர் செத்தால்தான் கீழே இருப்பவர் ஒரு படி ஏறுவார். இடையில் யாரும் தாண்டிப் போகமுடியாது. எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் சரி, ராஜாவுக்குச் சொந்தமாக இருந்தாலும் சரி. அதனால் கப்டனாக எந்த வயதில் ஆகிறோம் என்பதுதான் அட்மிரலாக ஆவோமா இல்லையா என்பதையே தீர்மானித்தது.

சார்ள்ஸுக்கு முதல் ஆள் உறவு வழியில் கிடைத்தார். அவருடைய ஒன்றுவிட்ட அக்காவைக் கட்டிய தோமஸ் வில்லியம்ஸ் என்ற கப்டன். 1794இல் வில்லியம்ஸ் தன்னுடைய கப்பலில் பையனைச் சேர்த்துக்கொண்டார், அடுத்த கப்பலுக்கு மாறும்போதும் கூடவே கொண்டுபோனார். அந்த அடுத்த கப்பல் யூனிகோர்ன். 1796 ஜூனில் அது பிரெஞ்சுக்காரரின் திரிபியூன் என்ற போர்க்கப்பலைத் துரத்திப் பிடித்தது, வில்லியம்ஸுக்கு சேர் பட்டம் வந்தது, அவர் நிழலில் நின்ற சார்ள்ஸுக்கும் 1797இல், 18 வயதில், லெப்டினன்ட் பதவி வந்தது. ஆனால் போட்டது ஒரு சின்னக் கப்பலில். பையன் வீட்டுக்குக் கடிதம் எழுதி முறையிட்டிருக்கிறார். அப்பா பாதிரியார், உறவுமுறையில் தூரத்துச் சொந்தமான அட்மிரல் கேம்பியருக்கு எழுதினார். இளம் அதிகாரிகளுக்குச் சின்னக் கப்பலில் பழகுவதுதான் நல்லது, பார்க்கலாம் என்று பதில் வந்தது. மகனுக்கு வேலை கேட்டு அப்பாமார் மந்திரி வீட்டு வாசலில் நிற்பதை நாம் பார்த்திருக்கிறோம் அல்லவா, அதே கதைதான். கொஞ்ச நாளில் பெரிய கப்பல் கிடைத்தது, மறுபடியும் வில்லியம்ஸிடமே, எண்டிமியன் என்ற கப்பலில்.

ஆள் இருந்தால் மட்டும் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. 1800இல் எண்டிமியன் ஸிப்பியோ என்ற ஒரு பிரெஞ்சுக் கொள்ளைக் கப்பலை மடக்கியது. 18 பீரங்கி, கப்பலில் 149 பேர். சரணடைந்துவிட்டார்கள், ஆனால் கடல் கொந்தளிக்கிறது, பெரும் புயல்காற்று, சரணடைந்த கப்பலை யாராவது போய்ப் பொறுப்பெடுக்காவிட்டால் இருட்டில் அது நழுவிப் போய்விடும். 20 வயதுப் பையன் நாலே நாலு பேரோடு ஒரு சின்ன வள்ளத்தில் இறங்கினார். அந்த அலையில் வள்ளம் விட்டு, ஏறி, அஞ்சு பேராக நின்று 149 பேரை அடுத்த நாள் வரைக்கும் பிடித்து வைத்திருந்தார்கள். வாடைக் காலத்தில் நம்முடைய வெளிக்கடலில் வள்ளம் இறக்குவது என்றால் என்ன என்று தெரிந்த ஆட்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், கொஞ்ச நேரம் பேசமாட்டார்கள்.

பிடித்த கப்பலை விற்ற காசில் கப்பல்காரர் எல்லோருக்கும் பங்கு உண்டு. அதுதான் அந்தக் காலத்துக் கடற்படையின் உண்மையான ஈர்ப்பு, சம்பளம் இல்லை. சார்ள்ஸின் பங்காக 30 பவுண் வந்தது, இன்னும் 10 வரும் என்று எதிர்பார்ப்பு. அந்தக் காசில் அவர் செய்த முதல் வேலை, இரண்டு அக்காமாருக்கும் தங்கச் சங்கிலியும் புஷ்பராகக் கல் பதித்த சிலுவையும் வாங்கியது. 1801 மே மாதம் ஜேன் தன் அக்கா கஸன்ட்ராவுக்கு எழுதிய கடிதத்தில், சம்பாதித்ததையெல்லாம் அக்காமாருக்குச் செலவழிப்பதென்றால் கப்பல் பிடித்து என்ன பிரயோசனம், அவனை நன்றாக ஏசவேண்டும் என்று செல்லமாகக் கோபித்திருக்கிறார். இரண்டு சிலுவையும் ஒன்றுபோல இல்லை, வடிவம் வேறு. அக்கா தங்கச்சிக்கு நகை வாங்கினால் மாறிப் போகாமல் இருக்க நாமும் அப்படித்தான் வாங்குவோம். அந்தச் சிலுவைகள் இன்றைக்கும் இருக்கின்றன, சோட்டனில் ஜேன் வாழ்ந்த வீட்டு மியூசியத்தில். பின்னால் ஜேன் எழுதிய ஒரு நாவலில், கடற்படையில் இருக்கும் அண்ணன் வாங்கித் தந்த சிலுவையைக் கழுத்தில் போட சங்கிலி இல்லாமல் தவிக்கும் ஒரு பெண் வருகிறாள். எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தேவையில்லை.

1804இல் 25 வயதில் கொமாண்டர். இந்தியன் என்று பெயர் வைத்த ஒரு 18 பீரங்கிக் கப்பல், பெர்முடாத் தீவில் கட்டியது, அதிலேயே அமெரிக்கக் கடற்கரைப் பக்கம் ஐந்து வருடத்துக்கு மேல் சுற்றினார். இதை அவருடைய கெட்ட காலம் என்றுதான் சொல்வேன். 1805இல் டிரபால்கர் சண்டை நடந்தபோது அவர் அட்லான்டிக்கின் மறுகரையில். அண்ணன் பிரான்சிஸ் நெல்சனுடைய அணியிலேயே இருந்தும், தண்ணீரும் சாமானும் ஏற்றி வர அனுப்பப்பட்டதால் அந்த ஒரு நாளைத் தவறவிட்டார். ஒரே வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரும் தவறவிட்டார்கள். அந்த நாளில் அங்கே நின்றவனுக்கு மெடல், பெயர், பதவி எல்லாம் தானாக வந்தது.

பெர்முடாவில் ஒரு நல்லது நடந்தது. 1807 மே மாதம் அங்கே முன்னாள் சட்டமா அதிபரின் மகள் பானி பாமரைக் கலியாணம் முடித்தார். பெண்ணுக்கு 17 வயது. 1810 மே 10ஆம் திகதி கப்டன் பதவி வந்தது. இந்தத் திகதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனிமேல் அவருடைய பெயர் அந்தப் பட்டியலில் ஏறிவிட்டது.

1811இல் ஊருக்குத் திரும்பியதும் பழைய ஆள் வில்லியம்ஸ், இப்போது அட்மிரல், தன்னுடைய கொடிக்கப்பலான நாமூருக்குக் கப்டனாக எடுத்துக்கொண்டார். தேம்ஸ் நதி வாயில் நங்கூரமிட்டு நிற்கும் காவல் கப்பல் அது. கரையில் வீடெடுக்கக் காசு காணாது. ஆகவே பானியும் மூன்று பெண்பிள்ளைகளும் கப்பலிலேயே குடியிருந்தார்கள். மூத்தவள் கஸிக்கு அலையில் கப்பல் ஆடினால் ஒத்துக்கொள்ளாது, வாந்தி. பாவம், அவளை அத்தைமாரிடம் விட்டுவிடலாமா என்று வீட்டில் பேசிக்கொண்டது ஜேனுடைய கடிதத்தில் இருக்கிறது. 1814 செப்டெம்பர் 6ஆம் திகதி, நாலாவது பிள்ளையைப் பெற்ற கையோடு, அந்தக் கப்பலிலேயே பானி இறந்துபோனார். வயது 24. பிள்ளையும் இரண்டு கிழமைக்குள் போய்விட்டது.

அதற்குப் பிறகு அவர் செய்தது, மத்தியதரைக் கடலுக்குப் போகும் பீனிக்ஸ் கப்பலைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனது. நெப்போலியனுடைய கடைசிப் போர்க் காலம். இத்தாலியின் பிரின்டிசி துறைமுகத்தை மறித்து நின்றார், அப்புறம் கிரேக்கத் தீவுகளுக்கிடையில் கடற்கொள்ளைக்காரரைத் தேடினார். 1816 பெப்ரவரியில் துருக்கிக் கரையில் ஸ்மேர்னாவுக்குப் பக்கத்தில் புயலில் கப்பல் கரை தட்டி உடைந்தது. ஓர் உயிரும் போகவில்லை. வழிகாட்டிய பைலட்டுமார் மேல்தான் பிழை, கப்டன் மேல் குற்றமில்லை என்று இராணுவ நீதிமன்றம் தீர்த்தது. ஆனால் கப்பலை இழந்த கப்டன் இழந்தவர்தான். போரும் முடிந்துவிட்டது. 1813இல் 1,40,000 பேருக்கு மேல் இருந்த கடற்படை 1817இல் 20,000 அளவுக்குச் சுருங்கியது. அதிகாரிகளை மட்டும் வெளியே அனுப்பவில்லை, அரைச் சம்பளம் கொடுத்து வீட்டில் இருத்தினார்கள். நூற்றுக்கணக்கான கப்டன்மார், கொஞ்சக் கப்பல், அதற்குள் ஆள் உள்ளவனுக்குத்தான் கப்பல். அடுத்த பத்து வருடம் சார்ள்ஸுக்குக் கப்பல் கிடைக்கவில்லை. 1817 ஜூலையில் ஜேன் இறந்தபோது அவர் அரைச் சம்பளத்தில், தாயில்லாத மூன்று பிள்ளைகளோடு இருந்தார்.

அந்தப் பிள்ளைகளை வளர்த்தது பானியின் அக்கா ஹரியட். 1820இல் சார்ள்ஸ் அவரையே மணந்தார். நமக்கு இது பெரிய விஷயமே இல்லை, மனைவி இறந்தால் பிள்ளைகளைப் பார்க்க மனைவியின் சகோதரியையே கட்டிவைப்பது எங்கள் பக்கத்தில் எத்தனை வீட்டில் நடந்திருக்கிறது. ஆனால் இங்கிலாந்துத் திருச்சபைச் சட்டத்தில் அது தடுத்த உறவு, யாராவது வழக்குப் போட்டால் கலியாணமே செல்லாமல் போய்விடும். அதையும் மீறித்தான் முடித்தார். அதே வருடத்தில் கோர்ன்வால் கரையில் கள்ளக்கடத்தலைத் தடுக்கும் கரையோரக் காவல் வேலை கிடைத்தது. போர்க்கப்பல் கப்டனுக்கு அது இறக்கம்தான். ஆறு வருடம் செய்தார்.

1826இல் 47 வயதில் மறுபடியும் கடல். ஓரோரா கப்பலில் ஜமேக்கா பக்கம், அடிமை வியாபாரக் கப்பல்களைப் பிடிக்கும் வேலை. பிரிட்டன் அந்த வியாபாரத்தை 1807இலேயே சட்டத்தில் தடை செய்துவிட்டது, ஆனால் மற்ற நாட்டுக்காரர் ஓட்டிக்கொண்டே இருந்தார்கள். இரண்டு வருடத்துக்கு மேல் அதில் நின்று பல கப்பல்களைப் பிடித்திருக்கிறார். அவருடைய வாழ்க்கை முழுவதையும் வைத்துப் பார்த்தால் நான் மனதார மதிப்பது இந்த இரண்டு வருடத்தைத்தான். பிறகு வேறொரு கப்பலுக்கு மாறினார், 1830 கடைசியில் அதில் நடந்த ஒரு மோசமான விபத்தில் காயப்பட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்டார். மறுபடியும் ஏழு வருடம் சும்மா.

1838இல் பெலரோபன், 80 பீரங்கிக் கப்பல். 1840 நவம்பர் 3ஆம் திகதி சிரியாக் கரையில் ஏக்கர் கோட்டையை பிரிட்டிஷ், ஒஸ்திரிய, துருக்கிக் கப்பல்கள் சேர்ந்து குண்டு போட்டு நொறுக்கியபோது அவரும் நின்றார். கோட்டைக்குள் வெடிமருந்துக் கிடங்கு வெடித்து ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆட்கள் ஒரே கணத்தில் போனார்கள். சார்ள்ஸுக்குப் பட்டம் கிடைத்தது. 61 வயதில் வாழ்க்கையின் முதல் பெரிய சண்டை.

இப்போது அந்த 1810 மே 10க்கு வருவோம். மேலே இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய், கடைசியில் 1846 நவம்பர் 9ஆம் திகதி சார்ள்ஸ் ரியர் அட்மிரல் ஆனார். கப்டன் பதவியிலிருந்து 36 வருடம். யாரும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை, பட்டியல் அவரிடம் வந்து சேர்ந்தது. அண்ணன் பிரான்சிஸ் இதே வழியில் 1863இல் 89 வயதில் கடற்படையின் மிக உயர்ந்த பதவியான அட்மிரல் ஒவ் த பிளீட் ஆகி, 91இல் இறந்தார். அந்தக் காலத்து பிரிட்டிஷ் அட்மிரல்மார் ஏன் எல்லோரும் கிழவர்களாக இருந்தார்கள் என்று கேட்டால் காரணம் இந்தப் பட்டியல்தான். இந்த முறைக்கு ஒரு நன்மையும் இருந்தது, அரசியல்வாதி தன் ஆளைத் தூக்கி மேலே வைக்கமுடியாது. ஆனால் அதற்குக் கொடுத்த விலை, 70 வயதுக்காரரைக் கொள்ளைநோய் பரவும் வெப்ப நாடுகளுக்குப் படைத் தலைமைக்கு அனுப்புவது.

1850இல் அப்படித்தான் சார்ள்ஸை அனுப்பினார்கள், கிழக்கிந்திய, சீன நிலையத்தின் தலைமைத் தளபதியாக. இந்து சமுத்திரத்திலிருந்து சீனக் கடல் வரைக்கும் அவர் பொறுப்பு. அந்த நிலையத்துக்கு இங்கே நங்கூரத்தளம் நம்முடைய துறைமுகம்.

ஏன் திருமலை? வரைபடத்தைப் பார்த்தால் தெரியாது, காற்றைத் தெரிந்தால் தெரியும். சோழமண்டலக் கரையில் மதராஸிலிருந்து மேலே போனால் பெரிய போர்க்கப்பல் வாடைக் காலத்தில் ஒதுங்கி நிற்க ஒரு இடமும் கிடையாது. மதராஸ் என்பது அன்றைக்குத் துறைமுகமே இல்லை, திறந்த கடற்கரை. ஒக்டோபரில் வாடை தொடங்கி புயல் வந்தால் கப்பல்கள் அங்கேயிருந்து ஓடவேண்டும். ஓடி எங்கே போவது? பம்பாய்க்குப் போனால் திரும்பி வர மாதக்கணக்கு. அந்தக் கிழக்குப் பக்கத்தில் வடகிழக்கு வாடையடித்தாலும் தென்மேற்குக் கச்சான் காற்று அடித்தாலும் கப்பல் அசையாமல் நிற்கக்கூடிய, ஆழமான, மலை மறைத்த இடம் இந்த ஒன்றுதான். உட்துறைமுகத்துக்குள் போய்ப் பாருங்கள், வெளியே கடல் கிடந்து குமுறும், உள்ளே குளம்போல இருக்கும். இதற்காகத்தான் 1782இல் ஒரே வருடத்துக்குள் இது ஒல்லாந்தரிடமிருந்து பிரிட்டிஷாரிடமும் அவர்களிடமிருந்து பிரெஞ்சுக்காரரிடமும் கைமாறியது. 1795இல் வந்த பிரிட்டிஷார் 1957 ஒக்டோபர் வரைக்கும் போகவில்லை. என்னுடைய அம்மப்பா டொக்யாட்டில், அதாவது கடற்படைக் கப்பல் தளத்தில், வேலை செய்தவர், வெள்ளைக்காரன் போன பிறகு கொஞ்ச நாள் ஊரே வெறிச்சென்று கிடந்தது என்று சொல்லுவார். தளபதிக்கு அங்கேயே ஒரு பெரிய மாளிகை, முற்றத்தில் பென்னம்பெரிய ஆலமரம். இன்றைக்கு அது நம்முடைய கடற்படையின் நேவி ஹவுஸ். அந்த டொக்யாட் வளவு முழுவதும் இப்போது கடற்படையின் கிழக்குக் கட்டளைத் தலைமையகம்.

சரி, பர்மா. இதை மென்று விழுங்காமல் சொல்லவேண்டும். இரண்டாவது பர்மியப் போர் ஒரு அநியாயமான போர். ரங்கூனில் பர்மிய ஆளுநர் இரண்டு பிரிட்டிஷ் வியாபாரக் கப்பல் கப்டன்மாருக்கு அபராதம் போட்டார். அதைத் திருப்பிக் கேட்க கல்கத்தாவிலிருந்து கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி கொமடோர் லம்பேர்ட்டை அனுப்பினார். பேசித் தீர்க்க வந்தவர் 1852 ஜனவரியில் பர்மிய ராஜாவின் கப்பலைப் பிடித்துக்கொண்டு துறைமுகத்தை மறித்தார். அங்கிருந்து போர்தான். லம்பேர்ட் சார்ள்ஸுக்குக் கீழே உள்ளவர், ஆனால் சார்ள்ஸ் அங்கே போவதற்கு முன்னமே காரியம் முடிந்துவிட்டது. ஏப்ரலில் சார்ள்ஸ் போய்த் தலைமையேற்றார். மார்த்தபான் விழுந்தது, ரங்கூன் விழுந்தது. தரைப்படையில் கணிசமானவர்கள் மதராஸ் படையின் சிப்பாய்கள், அதாவது கடலுக்கு அந்தப் பக்கத்துத் தமிழரும் தெலுங்கரும். யாருடைய அபராதத்துக்காகவோ அவர்கள் ரங்கூன் சேற்றில் வாந்திபேதியில் செத்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் கல்லில் பெயர் இல்லை.

மழைக்காலத்தில் சார்ள்ஸுக்கும் நோய் வந்தது. கல்கத்தாவுக்குப் போய் டல்ஹவுசியின் விருந்தினராக இருந்து கொஞ்சம் தேறினார். 73 வயது. அப்படியே ஊருக்குப் போயிருந்தால் யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள். திரும்பிப் போனார். ஐராவதி நதியில் புரோம் நகரத்தைப் பிடிக்கக் கப்பல்கள் ஏறிக்கொண்டிருந்தன. புளூட்டோ என்ற நீராவிக் கப்பலுக்கு மாறி முன்னால் போனார். காத்திருந்து காத்திருந்து கிடைத்த பதவியை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லையா, அல்லது கூட வந்தவர்களை விட்டுவிட்டுத் தான் மட்டும் போகக்கூடாது என்று நினைத்தாரா? அவருடைய வாழ்க்கையைப் படித்த அளவில் நான் இரண்டாவதைத்தான் நம்புகிறேன். ஒக்டோபர் 7ஆம் திகதி காலை வாந்திபேதியில் உயிர் போனது. அவர் போன இரண்டு மூன்று நாளில் புரோம் விழுந்தது, டிசெம்பரில் கீழ்ப் பர்மாவையே பிரிட்டிஷார் தங்களுடையது என்று அறிவித்தார்கள்.

வாந்திபேதி தண்ணீரால் பரவுகிறது என்று லண்டனில் ஜோன் ஸ்னோ என்ற டொக்டர் ஒரு தெருக் குழாயை வைத்துக் காட்டியது 1854இல்தான். இரண்டு வருடம் பிந்திவிட்டது. கெட்ட காற்றுத்தான் காரணம் என்று அன்றைக்கு எல்லோரும் நம்பினார்கள், நதித் தண்ணீரைக் குடித்துக்கொண்டே.

அவருடைய சாவு கடற்படை முழுவதற்கும் பெரிய துக்கம், தானே அழுததாக அவரோடு இருந்த ஒரு அதிகாரி எழுதி வைத்திருக்கிறார். அவருடைய மென்மையும் அன்பும்தான் காரணம் என்கிறார். அந்தக் காலத்துக் கப்பலில் சாட்டையடி சாதாரணம், அட்மிரலுக்கும் கீழே உள்ளவர்களுக்கும் இடையில் வானத்துக்கும் பூமிக்கும் உள்ள தூரம். அப்படியான இடத்தில் ஒரு அட்மிரலுக்காகக் கீழே உள்ள ஒருவர் அழுவது பட்டியலில் வருவது இல்லை. நல்ல மனிதர் ஒரு கெட்ட போரில் தலைமை தாங்கினார் என்பது இரண்டும் சேர்ந்தேதான் உண்மை, ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

இனி மருமகனுடைய கேள்வி. நதியில் செத்த சாதாரண மாலுமியை அங்கேயே கரையில் புதைத்திருப்பார்கள். இவர் தலைமைத் தளபதி. நதியில் இறங்கி, வங்காள விரிகுடாவைக் குறுக்கே கடந்து, தன்னுடைய நிலையத்தின் துறைமுகத்துக்கு, தன்னுடைய மாளிகை இருந்த ஊருக்கு வந்தார். "அவருக்கு ஒபிஸ் இங்கதான், அதான்" என்று அன்றைக்குச் சுருக்கமாகச் சொன்னேன். அவன் தலையாட்டினான்.

அதே சேமக்காலையில் மோல்ஸ்வேர்த் என்ற ஒரு மேஜரும் இருக்கிறார், 1901இல் இதே திருமலை வானத்தில் தொலைநோக்கி வைத்து வியாழன் கிரகத்தின் மேகப் பட்டையில் ஒரு பெரிய குழப்பத்தை முதலில் கண்டவர். செவ்வாயில் ஒரு பள்ளத்துக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். அவரைப் பற்றி இன்னொரு நாளைக்கு எழுதவேண்டும்.

வெளியே வரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. மருமகன் கையைத் தட்டினான், விரல் நுனியெல்லாம் பச்சைப் பாசி. வாசலில் கச்சான் வாங்கினோம். ஒரு மான் வந்து அவன் கையை முகர்ந்து பார்த்துவிட்டு, கோட்டைப் பக்கம் போகிற ஆட்களுக்குப் பின்னால் நடந்தது.